அரசின் வக்கீல்: மோகன் குமாரமங்கலம்

1971 அக்டோபர் 16, சனிக்கிழமை. எஃகு ஆலைகளுக்குத் தேவையான கோக் நிலக்கரியை வெட்டும் தனியார் சுரங்கங்களின் நிர்வாகத்தை மத்திய அரசே எடுத்துக்கொள்ளும் அவசரச் சட்டம் வெளியானது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அன்றைய பிகாரின் ஜரியா வயல்களில் சுரங்கங்களும், அவற்றின் கணக்குப் புத்தகங்களும், சம்பளப் பதிவேடுகளும் அரசு நியமித்த ஆட்களின் பொறுப்புக்கு வந்தன. முதலாளி தடையாணை கேட்டு ஓடலாமென்றால் நீதிமன்றத்துக்கு விடுமுறை. வக்கீல் தொழிலில் இருக்கும் எவருக்கும் அந்தக் கிழமையின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த எஃகு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் வக்கீல்தான்.

அவர் மத்திய அமைச்சராக இருந்தது இரண்டு ஆண்டுகளும் சில வாரங்களும்தான். அதற்குள் நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஏறத்தாழ முழுவதும் அரசுடைமையாயின. எஃகு ஆலைகளை ஒரு குடையின் கீழ் கொண்டுவரும் நிறுவனம் பிறந்தது. அரசியல் சாசனத்தில் சொத்துரிமையின் வேர் வெட்டப்பட்டது. உச்ச நீதிமன்றத்தில் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி நாலாமவர் தலைமை நீதிபதியானார். இந்தக் கடைசிக் காரியம் அவருடைய துறையைச் சேர்ந்ததே இல்லை. ஆனாலும் அதை நாடாளுமன்றத்தில் நியாயப்படுத்தும் வேலை அவரிடம்தான் வந்தது. அமைச்சரான பிறகும் குமாரமங்கலம் வக்கீலாகவே இருந்தார், கட்சிக்காரர் மட்டுமே மாறினார், தொழிற்சங்கம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அரசு வந்து உட்கார்ந்தது என்பது என் வாதம். அவர் சாதித்ததும் சறுக்கியதும் அந்த ஒரே பழக்கத்தால்தான்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன். ஜமீன்தார் பி. சுப்பராயனும் வழக்கறிஞராக இருந்து அமைச்சரானவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவரிடம் இருந்தன. 1947-48இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறை. பிறகு நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து. தாய் ராதாபாய் மங்களூர்க்காரர், வட்டமேசை மாநாட்டுக்குப் போய்வந்தவர், மத்திய மேலவையில் இடம்பெற்ற முதல் பெண். இவர்களுக்கு 1916 நவம்பர் 1 அன்று லண்டனில் பிறந்தவர் மோகன். அண்ணன் பரமசிவ பிரபாகர் பட்டாளத்துக்குப் போய் 1966இல் இந்தியத் தரைப்படைத் தலைவரானார். உடன்பிறந்தவர்களில் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1957இல் அமைந்த மக்களவையில் அப்பா திருச்செங்கோட்டின் காங்கிரஸ் உறுப்பினர், மகள் கோயம்புத்தூரின் கம்யூனிஸ்ட் உறுப்பினர். கொள்கையால் இத்தனை திசைக்குப் பிரிந்தும் ஆளும் வட்டத்தைவிட்டு ஒருவரும் வெகுதூரம் போகாத குடும்பம் இது. மோகனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி, இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம் என்று ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு வகுத்த பாதையில்தான் அவர் போனார். கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற புகழ்பெற்ற பேச்சு மன்றத்துக்கு 1938இல் தலைவரானார். நாளைக்குப் பிரிட்டிஷ் அமைச்சராகப்போகும் இளைஞர்கள் வாதம் பழகும் களம் அது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. கேம்பிரிட்ஜில் கெட்டிக்காரப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் கம்யூனிஸ்டுகள். பின்னாளில் வரலாற்றாசிரியராகப் பெயர்பெற்ற எரிக் ஹாப்ஸ்பாம் அப்போது அதே கிங்ஸ் கல்லூரி மாணவர். ஜோதி பாசு லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார், இந்திரா ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். முப்பது ஆண்டு கழித்து டெல்லியிலும் கல்கத்தாவிலும் அதிகாரத்தில் இருந்த பலருக்கு இடையிலான பழக்கம் அங்கே பிடித்ததுதான்.

1939இல் ஊர் திரும்பிய மோகன் உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். உலகப் போர் தொடங்கியிருந்தது. கட்சி தடைக்குள்ளானதால் தலைமறைவு வாழ்க்கை. 1941இல் பி. ராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம் முதலியோரோடு சென்னைச் சதி வழக்கில் சேர்க்கப்பட்டார். தடைசெய்யப்பட்ட துண்டறிக்கைகளை அச்சிட்டுப் பரப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. இங்கிலாந்தின் பாரிஸ்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்கினார். தம்பி சிறையில் இருந்த அந்தக் காலத்தில் அண்ணன் பிரிட்டிஷ் இந்தியப் படையில் வட ஆப்பிரிக்காவில் போரிட்டுக்கொண்டிருந்தார். ஹிட்லர் சோவியத் நாட்டின்மேல் பாய்ந்தபின் கட்சியின் நிலைப்பாடு மாறியது. 1942இல் தடை நீங்கியது, மோகனும் வெளியே வந்தார். 1943இல் வங்காளத்துக் கல்யாணி முகர்ஜியை மணந்தார். மேற்கு வங்கத்தின் பிற்கால முதலமைச்சர் அஜய் முகர்ஜி கல்யாணிக்கு உறவு.

1948இல் கட்சி ஆயுதக் கிளர்ச்சிப் பாதையை எடுத்தபோது சென்னை மாகாணப் போலீஸ் கம்யூனிஸ்டுகளை வளைத்து வளைத்துப் பிடித்தது. அதற்குச் சற்று முன்புவரை மாகாண உள்துறை சுப்பராயன் கையில்தான் இருந்தது. அப்பாவும் பிள்ளையும் இதைப்பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நாவலாசிரியர்களுக்கு ஏற்ற பொருள், கட்டுரைக்கு ஆகாது.

அந்தப் புயல் ஓய்ந்த பிறகுதான் அவர் வழக்கறிஞராக வாழத் தொடங்கினார். 1950களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழிலாளர் சட்டமும் அரசியல் சாசன வழக்குகளும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அந்தக் காலத்துத் தொழிலாளர் வழக்கு எப்படிப்பட்டது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முதலாளிக்குச் சாதகமாக எழுதப்பட்டிருக்கும், சாட்சிகள் அவரிடமே சம்பளம் வாங்குபவர்கள், பதிவேடும் அவர் பெட்டியில்தான். தொழிலாளி தரப்பு வக்கீலுக்கு மிச்சமிருப்பது சட்டத்தின் வாசகமும் நடைமுறை விதிகளும் மட்டுமே. பதிவேட்டை யார் வைத்திருக்கிறாரோ அவரே வழக்கில் பாதியை வென்றுவிடுகிறார் என்பதை அந்த அனுபவம் கற்றுக்கொடுக்கும். பிற்காலத்தில் சுரங்கச் சட்டங்களில் இந்தப் பாடத்தின் ரேகையைப் பார்க்கலாம்.

இடையில் அவர் எழுதிய ஒரு நூலையும் குறிப்பிட வேண்டும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாட்டை உலுக்கிய 1965இல், இந்தியாவின் மொழிச் சிக்கல் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சென்னையில் வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுக்குள்தான் அவர் தந்தை சுப்பராயன், பி.ஜி. கேர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்து, அதன் பரிந்துரைக்கு எதிராகத் தனிக் குறிப்பு எழுதியிருந்தார். வங்காளத்து மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியும் அப்படியே செய்தார். கொள்கையில் எவ்வளவு தூரம் பிரிந்திருந்தாலும், ஒரு பிரச்சினையை மனுவாக எழுதித் தீர்ப்புக் கேட்கும் பாணி அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பொது.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது. அதையொட்டிக் குமாரமங்கலம் தோழர்களுக்காக ஒரு குறிப்பு எழுதினார் என்றும், காங்கிரசுக்குப் பின்னால் நிற்கும் மக்களை விட்டுவிட்டு இந்நாட்டில் இடதுசாரிகளால் ஆட்சி அமைக்க முடியாது, ஆகையால் காங்கிரசோடு சேர்ந்தே போக வேண்டும் என்பது அதன் சாரம் என்றும் சொல்வார்கள். அவருடைய எதிரிகள் 1973இல் அதைப் புத்தகமாகவே போட்டு, கம்யூனிஸ்டுகள் காங்கிரசுக்குள் திட்டமிட்டு நுழைந்ததற்கு அதைச் சான்றாக்கினார்கள். சதி என்று அதைச் சொல்வது மிகை. ஒளித்துவைக்கும் சுபாவம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. எண்ணியதை நூலாக அச்சிட்டுப் பெயர் போட்டு வெளியிட்டுக்கொண்டே இருந்தவர் அவர். 1966இல் பக்தவத்சலத்தின் காங்கிரஸ் அரசு அவரை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக, அதாவது அட்வகேட் ஜெனரலாக நியமித்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகக் கூண்டில் நின்றவர், அரசின் சார்பில் முதல் வரிசையில் எழுந்து நின்றார். 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றதும் அந்தப் பதவி போயிற்று. அதற்குள் அவருக்கு அரசு என்னும் கட்சிக்காரரின் ருசி தெரிந்துவிட்டது.

1969இல் காங்கிரஸ் பிளந்தது. இந்திரா காந்தியைச் சுற்றி இடதுசாரிச் சிந்தனை கொண்டவர்கள் கூடினார்கள். குமாரமங்கலம் முதலில் இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். 1971 பொதுத்தேர்தலில் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு கூட்டு வைத்து, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதியில்கூட நிற்காமல், சில மக்களவைத் தொகுதிகளை மட்டும் வாங்கிக்கொண்டது. புதுச்சேரித் தொகுதி குமாரமங்கலத்துக்குக் கிடைத்தது. வென்றார். எஃகும் சுரங்கமும் அவர் துறையாயின.

அவர் பொறுப்பேற்றபோது அரசின் கையிலிருந்தது வெறும் கை அல்ல, காயம்பட்ட கை. 1969இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டத்தை 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 10க்கு 1 என்று தள்ளிவிட்டது. மன்னர் மானியத்தை ரத்துசெய்த ஆணையும் அவ்வாண்டு டிசம்பரில் விழுந்தது. இரண்டிலும் அரசுக்குச் சாதகமாக எழுதியவர்களில் ஒரு பெயர் பொது: ஏ.என். ரே. அதற்கும் முன் 1967இல் கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றத்தால் திருத்தவே முடியாது என்று தீர்ப்பாகியிருந்தது. இந்த மூன்று தோல்விகளையும் குமாரமங்கலம் அரசியல்வாதியாகப் படித்ததைவிட மேல்முறையீட்டு வக்கீலாகப் படித்தார் என்று நினைக்கிறேன். எங்கே ஓட்டை, எந்த வாசகத்தால் தோற்றோம், அடுத்த மனுவை எப்படி எழுதுவது என்பதே அவருடைய கேள்வி.

பதில் 1971, 1972 ஆண்டுகளில் சாசனத் திருத்தங்களாக வந்தது. சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே, சித்தார்த்த சங்கர் ரே, குமாரமங்கலம் மூவரும்தான் அதன் மூளை. மூவரும் வக்கீல்கள். 24ஆம் திருத்தம் கோலக்நாத் தீர்ப்பை மறுதலித்தது. 25ஆம் திருத்தம் சாசனத்துக்குள் 31சி என்ற புதிய பிரிவைப் புகுத்தியது. சமூகத்தின் பொருள் வளங்களைப் பொதுநன்மைக்காகப் பங்கிடும் நோக்கத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டால், சமத்துவ உரிமை, சொத்துரிமை முதலியவற்றுக்கு முரண் என்று சொல்லி அதைச் செல்லாததாக்க முடியாது என்பது அதன் உட்பொருள். இழப்பீடு என்ற சொல்லும் போய் ‘தொகை’ என்ற சொல் வந்தது. இழப்பீடு என்றால் நீதிமன்றம் அது போதுமா என்று பார்க்கும். தொகை என்றால் நாடாளுமன்றம் சொன்னதே தொகை. ‘அரசியல் சாசனத் திருத்தங்கள் ஏன்’ என்று விளக்கும் சிறுநூலை அவர் 1971லேயே எழுதி வெளியிட்டார்.

இனி நிலக்கரிக்கு வருவோம். ஜரியாவில்தான் இந்தியாவின் முதல்தரக் கோக் நிலக்கரி கிடைக்கிறது. அது இல்லாமல் ஊதுலை எரியாது, பொகாரோவில் சோவியத் உதவியோடு எழுந்துகொண்டிருந்த பெரிய ஆலையும் ஓடாது. அந்தச் செல்வம் நூற்றுக்கணக்கான சிறு முதலாளிகளின் கையில் துண்டு துண்டாகக் கிடந்தது. குத்தகைக் காலத்துக்குள் கிடைத்ததை வாரிக்கொண்டு போகும் வேட்டை அங்கே நடந்தது. நிலக்கரியை எடுத்த வெற்றிடத்தில் மணலை நிரப்பினால்தான் மேலே நிலம் இறங்காது, நெருப்பும் பரவாது. மணல் நிரப்பக் காசு செலவாகும், ஆகையால் பலர் நிரப்பவில்லை. ஜரியாவில் நிலத்தடி நெருப்பு முதலில் கண்டறியப்பட்டது 1916இல், மோகன் பிறந்த ஆண்டில். இன்றுவரை அது முழுவதும் அணையவில்லை. நிலக்கரித் தொழிலுக்கான ஊதியக் குழுவின் பரிந்துரைகளைப் பல முதலாளிகள் நிறைவேற்றவே இல்லை. தொழிலாளியிடம் பிடித்த வருங்கால வைப்பு நிதிப் பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 1965 மே மாதம் தோரி சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 268 பேர் செத்தார்கள். அது தனியார் சுரங்கம்.

இதையெல்லாம் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. குமாரமங்கலம் இதைச் சட்டத்தின் வாசகமாக மாற்றினார். முதல் படியில் நிர்வாகம் மட்டும் அரசுக்கு. சொத்து இன்னும் முதலாளி பெயரில்தான், ஆனால் பதிவேடும் இயந்திரமும் அவர் கையில் இல்லை. நாட்டுடைமை வரப்போகிறது என்று தெரிந்ததும் இயந்திரங்களைக் கழற்றி விற்பதற்கும் கணக்குகளைக் கொளுத்துவதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை. இரண்டாவது படியில், 1972 மே 1 முதல், 214 கோக் நிலக்கரிச் சுரங்கங்களும் 12 கோக் சூளை ஆலைகளும் அரசுக்குச் சொந்தமாயின. 31சி நடைமுறைக்கு வந்தது அவ்வாண்டு ஏப்ரல் 20. பதினோரு நாள் இடைவெளி. சுரங்கங்களுக்காகச் சாசனத்தைத் திருத்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் திருத்தம் வரும்வரை சொத்துரிமையைத் தொடாமல் நிர்வாகத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது தேதிகளைப் பார்த்தாலே விளங்கும்.

அடுத்து மற்ற நிலக்கரிச் சுரங்கங்கள். 1973 ஜனவரி இறுதியில் மீண்டும் ஓர் அவசரச் சட்டம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. மே 1 முதல் 711 சுரங்கங்கள் நாட்டுடைமை. டாட்டா எஃகு நிறுவனம் தன் ஆலைக்காக வைத்திருந்த சுரங்கங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு.

அந்தச் சட்டத்தைப் பிரித்துப் படித்தால் பழைய தொழிற்சங்க வக்கீலின் கை தெரிகிறது. சுரங்கம் வில்லங்கம் ஏதுமின்றி அரசுக்கு வருகிறது. ஆனால் முதலாளி வைத்த பழைய கடனும் பாக்கியும் சுரங்கத்தோடு வராமல் முதலாளியோடேயே தங்கிவிடுகின்றன. ஒவ்வொரு சுரங்கத்தின் பெயர், உரிமையாளர், அவருக்கான தொகை எல்லாம் அட்டவணையில் அச்சாகியிருக்கின்றன. அந்தத் தொகையை முதலாளி நேரே வாங்கிக்கொள்ள முடியாது. பட்டுவாடா ஆணையர் என்ற அதிகாரியிடம் அது போகும். கடன்காரர்கள் அங்கே உரிமை கோர வேண்டும். வரிசையில் எல்லாருக்கும் முன்னால், அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவருக்கும் முன்னால் நிற்பது தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதி பாக்கி. வங்கிக்காரர் அதற்குப் பின்னால்தான். சோஷலிசம் பற்றி அன்றைக்கு டெல்லியில் பேசப்பட்ட பேச்சு அத்தனையையும்விட இந்த ஒரு வரிசைமுறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்திய இரும்பு எஃகு நிறுவனத்தின் நிர்வாகத்தை 1972 ஜூலையில் எடுத்ததும் இதே வழியில்தான். 1973 ஜனவரி 24இல் ‘செயில்’ என்று நாம் அறிந்த இந்திய எஃகு ஆணைய நிறுவனம் பதிவானது. அரசுத் துறை ஆலைகளைச் செயலகத்து எழுத்தர்களின் கோப்பிலிருந்து விடுவித்து, தொழில் தெரிந்தவர்கள் கையில் ஒரு தாய் நிறுவனத்தின் கீழ் கொண்டுவருவது நோக்கம். அவர் சொந்தச் சீமையான சேலத்தில், 1970இல் அடிக்கல் நாட்டி வைத்திருந்த எஃகு ஆலைக்கான நிறுவனம் 1972 அக்டோபரில் பதிவானதும் அவர் காலத்தில்தான். ஆலை ஓடத் தொடங்க மேலும் பத்தாண்டு ஆயிற்று.

நாட்டுடைமை எப்படிப் போயிற்று? சம்பளம் உயர்ந்தது, அதில் சந்தேகமில்லை. 1970களின் நடுவில் வந்த தேசிய ஊதிய ஒப்பந்தம் சுரங்கத் தொழிலாளியை அரசு ஊழியருக்கு ஈடான ஒருவராக்கியது. எட்டுக் கோடி டன்னுக்குக் குறைவாக இருந்த நாட்டின் ஆண்டு உற்பத்தி பெருகிக்கொண்டே போனது. மறுபக்கம் அவ்வளவு அழகாக இல்லை. பதிவேட்டைக் கைப்பற்றினால் போதும் என்று வக்கீல் நினைத்தார். பதிவேட்டில் பெயர் ஏற்றும் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஜரியா வயல்கள் இருக்கும் தன்பாத்தில் சங்கத்தின் பெயரால் உலவிய அடியாள் கும்பல்கள் தங்கள் ஆட்களைப் பட்டியலில் சேர்த்தன, உள்ளூர் ஆதிவாசிகளும் தலித்துகளும் வெளியே தள்ளப்பட்டார்கள் என்ற குமுறல் அப்போதே எழுந்தது. ஏ.கே. ராய், ஷிபு சோரன், வினோத் பிகாரி மஹதோ ஆகியோர் அந்த மண்ணில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தொடங்கியது இதே காலம். பழைய முதலாளிகள் போன இடத்தில் நிலக்கரி மாஃபியா வந்தது. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் பாய்ந்து 370க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரசின் நிர்வாகத்தில் இருந்த இந்திய இரும்பு எஃகு நிறுவனத்தின் சுரங்கம் அது. குமாரமங்கலம் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நீதிபதிகள் விவகாரம் இதோடு ஒட்டி வருகிறது. கேசவானந்த பாரதி வழக்கை 13 நீதிபதிகள் 1972 அக்டோபர் இறுதி முதல் 1973 மார்ச் வரை 68 நாட்கள் கேட்டார்கள். 24, 25ஆம் திருத்தங்கள் நிற்குமா என்பதே கேள்வி. ஏப்ரல் 24இல் தீர்ப்பு. நாடாளுமன்றம் சாசனத்தின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்க்க முடியாது என்று 7 பேர் சொன்னார்கள், 6 பேர் வேறாகச் சொன்னார்கள். 31சியில் மேலே சொன்ன முதல் பாதி பிழைத்தது. சுரங்கச் சட்டங்களுக்கு அது போதும். மறுநாளே, ஓய்வுபெறும் தலைமை நீதிபதி சிக்ரியின் இடத்துக்கு ஏ.என். ரே பெயர் அறிவிக்கப்பட்டது. பணிமூப்பில் அவருக்கு முன்னால் ஷெலத், ஹெக்டே, குரோவர் என்று மூவர் இருந்தார்கள். மூவரும் பெரும்பான்மைத் தரப்பில் எழுதியவர்கள். ரே சிறுபான்மை. மூவரும் பதவி விலகினார்கள்.

மக்களவையில் அரசின் தரப்பை எடுத்துவைத்தவர் எஃகு அமைச்சர். அவருடைய வாதம் கெட்டிக்காரத்தனமானது என்பதை மறுக்க முடியாது. மூத்தவரே தலைமை நீதிபதி என்று சாசனத்தில் எழுதியிருக்கவில்லை. அது வழக்கம் மட்டுமே. பணிமூப்பை மட்டும் பார்க்கக் கூடாது என்று 1958இல் சொன்னது செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம், காங்கிரஸ் கட்சி சொன்னதல்ல. ஒரு நீதிபதியின் உலகப் பார்வை தீர்ப்பில் படியாமல் இருக்காது, ஆகவே காலத்தின் போக்கை உணர்ந்தவரைத் தேர்வது அரசின் உரிமை, கடமையும்கூட. நீதிபதி வானத்திலிருந்து இறங்கியவர் அல்ல, அவருக்கும் வர்க்கப் பார்வை உண்டு என்ற பழைய மார்க்சியப் பாடமும் இதற்குள் இருந்தது. அந்த அளவில் அவர் சொன்னது உண்மைதான். வங்கி வழக்கிலும் மன்னர் மானிய வழக்கிலும் சொத்துள்ளவர் பக்கம் நீதிமன்றம் சாய்ந்ததை யாரும் மறைக்க முடியாது.

ஆனால் சட்ட ஆணையம் திறமையையும் நிர்வாக ஆற்றலையும் பார்க்கச் சொன்னதேயொழிய, அரசின் கொள்கையோடு ஒத்துப்போவதைப் பார்க்கச் சொல்லவில்லை. மேற்கோளில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் வாசித்துவிட்டு உட்காருவது நீதிமன்றத்தில் தொழில் தர்மம். மறுபாதியை எதிர்த்தரப்பு வக்கீல் வாசிப்பார், நீதிபதி இரண்டையும் நிறுத்துப் பார்ப்பார். நாடாளுமன்றத்தில் 1971 பெரும்பான்மையோடு உட்கார்ந்திருந்த அரசுக்கு எதிரே நிறுத்துப் பார்க்கும் ஆள் கிடையாது. நிறுத்துப் பார்க்க வேண்டிய இடத்தையே அந்த வாதம் குறிவைத்தது. நல்ல வக்கீல் தன் வழக்குக்கு ஏற்ற அமர்வுக்காகக் காத்திருப்பார். அமைச்சருக்கோ அந்த அமர்வையே அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு குமாரமங்கலத்தின் கண்ணில் படவில்லை. அல்லது பட்டும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஹெக்டே விஷயத்தில் இன்னொரு பேச்சும் இருந்தது. இந்திராவின் தேர்தலை எதிர்த்து ராஜ்நாராயண் போட்ட வழக்கில், 1972இல் ஓர் இடைக்கட்டத் தீர்ப்பை ராஜ்நாராயணுக்குச் சாதகமாக எழுதியவர் அவர். உலகப் பார்வை என்ற பெரிய சொல்லின் நிழலில் சின்னக் கணக்குகளுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

முன்னாள் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா, வழக்கறிஞர் பல்கிவாலா போன்றோர் கொதித்தெழுந்தார்கள். பதவி உயர்வை எதிர்பார்த்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதிகள் உருவாவார்கள் என்பது அவர்கள் எச்சரிக்கை. குமாரமங்கலம் தன் வழக்கப்படி நீதிபதி நியமனம் பற்றி ஒரு நூலை எழுதி மறுமொழி சொன்னார். நிலக்கரி நாட்டுடைமை பற்றிய அவர் நூலும் 1973இல்தான் வெளியானது.

711 சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிய சட்டத்துக்கு 1973 மே 30 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். மறுநாள் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விமானத்தில் குமாரமங்கலம் இருந்தார். பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது மோசமான வானிலை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமலேயே அளவுக்குமேல் தாழ இறங்கிய விமானம் உயர் மின்னழுத்தக் கம்பிகளில் மோதி விழுந்தது. இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சர் குர்ணாம் சிங்கும் அவர்களில் ஒருவர். மோகன் குமாரமங்கலத்துக்கு வயது 56.

அவர் கொண்டுவந்தவற்றின் பிற்காலக் கணக்கு விசித்திரமானது. மகன் ரங்கராஜன் குமாரமங்கலமும் வழக்கறிஞர். நரசிம்ம ராவ் அரசில் சட்டத் துறை இணையமைச்சராக இருந்தார். பின்னர் பா.ஜ.க.வில் சேர்ந்து வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சரானார். தனியார் முதலீட்டைத் தேடும் காலமாக அது மாறிவிட்டிருந்தது. 2000 ஆகஸ்டில் 48 வயதில் அவரும் போய்ச்சேர்ந்தார். கோக் நிலக்கரிச் சட்டத்தை எதிர்த்து ஒரு சூளை உரிமையாளர் தொடுத்த சஞ்சீவ் கோக் வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் 31சியைக் காட்டிச் சட்டத்தைக் காப்பாற்றியது. கட்டிய அரண் கட்டியவர் எதிர்பார்த்தபடியே தாங்கியது. நிலக்கரிக்குத் தனியார் மீண்டும் வந்தது மெல்ல மெல்ல, 1976, 1993 ஆண்டுகளின் திருத்தங்கள் வழியாக. 1993 முதல் அரசு பங்கிட்டுக் கொடுத்த 204 வயல்களை 2014இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. 1973இன் நாட்டுடைமைச் சட்டம் 2018 ஜனவரியில் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் பொருள் வளம் ஆகிவிடாது என்று சொல்லி, சஞ்சீவ் கோக் தீர்ப்பு சாய்ந்திருந்த விளக்கத்தைத் தள்ளியது. நாட்டின் ஆண்டு நிலக்கரி உற்பத்தி அதே சமயத்தில் நூறு கோடி டன்னை எட்டிவிட்டது. அதில் பெரும்பங்கு இன்றும் அரசு நிறுவனங்களிலிருந்துதான் வருகிறது.

நீதிபதி நியமனத்தில் அவர் வாதம் தலைகீழாகத் திரும்பியது. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் கைதானவர் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று ரே தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னபோது, மறுத்து எழுதிய எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் கன்னாவைத் தாண்டி, பணிமூப்பில் பிந்திய பேக் தலைமை நீதிபதியானார். முதல்முறை நூல் எழுதி நியாயப்படுத்த வேண்டியிருந்த செயல், இரண்டாம் முறை சாதாரணமாக நடந்தது. இந்த இரண்டையும் மறக்காத நீதிமன்றம் 1993இல் நியமன அதிகாரத்தின் முதன்மையைத் தானே எடுத்துக்கொண்டது. கொலீஜியம் என்று நாம் குறைகூறும் ஏற்பாடு அப்படி வந்ததுதான். அதை மாற்ற நாடாளுமன்றம் ஏறத்தாழ ஒருமனதாக நிறைவேற்றிய நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று செல்லாததாக்கியது. 1973இன் அந்த நியமனம் இல்லாதிருந்தால், அரசின் கையில் அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி இன்னும் இருந்திருக்கும் என்பதே என் கணிப்பு.